கான்கிரீட் தரைக்கு ஸ்டெயின் போடப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்

வீட்டுக்குள் ஒரு பெரிய அறை, வெளியே ஒரு வராந்தா. இரண்டின் கான்கிரீட் தரைக்கும் நானே ஸ்டெயின், அதாவது கான்கிரீட்டுக்குள் ஊறி நிற்கும் நிறம், போட்டேன். அறையை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. முன்பு அங்கே கார்ப்பெட் ஒட்டியிருந்த பசை, கண்ணுக்குத் தெரியாமல் தரையில் ஊறிக் கிடந்திருக்கிறது. நிறம் ஏறிய பிறகுதான் அந்தப் பசையின் கோடுகள் எலும்புக்கூடு மாதிரி வெளியே வந்தன. வராந்தாவில் நிறத்தின் மேல் பாதுகாப்புக்காகப் பூசிய சீலர் மூன்றே மாதத்தில் வெள்ளை பூத்து உரிந்தது. அதைச் சுரண்டி எடுக்க ஆன உழைப்பு, முழு வேலையையும் விட அதிகம்.

இரண்டு இடத்திலும் ஸ்டெயின் மேல் தவறில்லை. அறையில் தரையைச் சோதிக்காமல் இறங்கினேன். வராந்தாவில் அவசரமாகக் கழுவி, காய்வதற்குள் சீலரால் மூடிவிட்டேன். நிறம் பூசுவது இந்த வேலையில் மிகக் குறுகிய பகுதி, சில மணி நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்கள்தான் தரை எப்படி வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் செய்யும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. ஸ்டெயின் வாங்கும் முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை தண்ணீர். தரையில் ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். வாசல் அருகே, நடுவில், மூலையில், பழைய கறை இருந்த இடத்தில் என்று பிரித்துத் தெளிக்க வேண்டும். சில நிமிடங்களில் தண்ணீர் உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால் நல்லது, தரை நிறத்தைக் குடிக்கும். முத்து முத்தாக நின்றால் அங்கே பழைய சீலர், மெழுகு, எண்ணெய், பசை, அல்லது கான்கிரீட் போட்டபோது ஈரம் சட்டென்று போகாமல் இருக்கத் தெளித்த க்யூரிங் காம்பவுண்ட் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் இறங்காத இடத்தில் ஸ்டெயினும் இறங்காது. ஒரு இடத்தில் மட்டும் பார்த்துவிட்டு திருப்தி அடையாதீர்கள். நான் செய்த தவறு அதுதான்.

இரண்டாவது ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் கனமான பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டுத் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. பிரித்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தாலோ, தரை கருத்திருந்தாலோ, கீழிருந்து ஈரம் ஏறுகிறது. அப்படிப்பட்ட தரைக்கு நிறம் போடலாம், ஆனால் மேலே படலமாக நிற்கும் சீலர் போடக் கூடாது. ஈரம் அதை உள்ளிருந்து தள்ளி உரித்துவிடும். டேப் ஒட்டும் இடம் பின்னால் தெரிய வாய்ப்புண்டு, அதனால் கட்டில், அலமாரி வரப்போகும் இடமாகப் பாருங்கள்.

மூன்றாவது வயது. புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் கழியட்டும். அதற்கு முன் தரை முழுக்க ஒரே மாதிரி நிறம் ஏறாது.

சோதனையோடு சோதனையாகத் தரையை நன்றாகப் பாருங்கள். ஸ்டெயின் ஒளி ஊடுருவும் நிறம். பெயின்ட் மாதிரி எதையும் மறைக்காது. விரிசல், ஒட்டுப்போட்ட இடம், துரு, எண்ணெய்க் கறை எல்லாம் அப்படியே தெரியும், சில சமயம் முன்பை விட அழுத்தமாகவே தெரியும். சிமென்ட் வைத்து அடைத்த விரிசல் வேறு நிறத்தில்தான் வரும். தரை பாதிக்கு மேல் ஒட்டுப்போட்டதாக இருந்தால், வேறு தரை விரிப்பு யோசிப்பதே மேல் என்பது என் கருத்து.

2. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளர் இரண்டு தாள்கள் வெளியிடுவார். ஒன்று தொழில்நுட்ப விவரத் தாள்: ஒரு லிட்டர் எவ்வளவு பரப்புக்கு வரும், எத்தனை மணி நேரத்தில் காயும், எந்த சீலரோடு ஒத்துப்போகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று பாதுகாப்புத் தகவல் தாள்: என்ன ரசாயனம், எந்த வகைக் கையுறை, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று சொல்லும். இரண்டையும் வாங்கும் முன்பே படியுங்கள். நான் இங்கே தரும் எண்கள் பொதுவானவை. உங்கள் டின்னோடு வந்த தாள் வேறு எண் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆசிட் ஸ்டெயின் நிரந்தரமானது, வீட்டைக் காலி செய்யும்போது அழித்துவிட்டுப் போக முடியாது. புது வீடு என்றால் கான்கிரீட் போட்ட தேதியையும், க்யூரிங் காம்பவுண்டோ, மேற்பரப்பை இறுக்கும் ஹார்ட்னரோ பயன்படுத்தினார்களா என்பதையும் கட்டியவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டின்களின் பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்கின் எண்), நிறத்தின் பெயர், சீலரின் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். சில வருடம் கழித்து மறுபூச்சு போடும்போது, பழைய சீலர் என்ன வகை என்று தெரியாமல் தவிப்பவர்கள் நிறைய.

3. எந்த ஸ்டெயின்?

ஆசிட் ஸ்டெயினில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் இரும்பு, செம்பு, மாங்கனீசு போன்ற உலோக உப்புகளும் இருக்கும். அமிலம் கான்கிரீட்டின் மேற்பரப்பைத் திறக்க, உப்புகள் அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து நிறமாக மாறும். அதனால் நிறம் கான்கிரீட்டின் பகுதியாகிவிடும், உரியாது. பழுப்பு, தேன் நிறம், கறுப்பு, நீலப்பச்சை என்று குறைவான நிறங்கள்தான் உண்டு. பளிங்குக் கல் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வரும். ஒரே சீரான நிறம் எதிர்பார்ப்பவர்கள் இதைத் தொடாதீர்கள். செம்பு உப்பில் வரும் நீலப்பச்சை, ஈரம் படும் இடத்தில் நாளாக ஆகப் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறக்கூடும். வெளித் தரைக்கு அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

வாட்டர் பேஸ் ஸ்டெயினில் அமில வினை இல்லை. நிறமிகள் கான்கிரீட்டின் நுண்துளைகளில் அமர்கின்றன. நிறங்கள் நிறைய, மணம் குறைவு, சில மணி நேரத்தில் காயும், அமிலத்தை முறிக்கும் வேலையும் இல்லை. முதல் முறை செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆசிட் ஸ்டெயினின் ஆழம் இதில் வராது என்பது உண்மை. ஆனால் தவறு செய்தால் திருத்த இடம் உண்டு.

மூன்றாவது, கான்கிரீட் டை. மிகப் பளிச்சென்ற நிறங்கள். ஆனால் வெயிலில் வெளுக்கும், வீட்டுக்குள் மட்டும்தான். அசிட்டோனில் கரைத்துப் பூசும் வகை சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது; அதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

4. அளவும் செலவும்

200 சதுர அடி அறையை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆசிட் ஸ்டெயின் ஒரு லிட்டர் சுமார் 50 சதுர அடிக்கு வரும். ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு பூச்சுக்கு, 4 லிட்டர், இரண்டு கோட் என்றால் 8 லிட்டர். சீலர் ஒரு லிட்டர் 50 முதல் 75 சதுர அடி வரை போகும். இரண்டு கோட்டுக்கு 6 முதல் 8 லிட்டர். சொரசொரப்பான பழைய தரை இதை விட அதிகம் குடிக்கும். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், எல்லா டின்னும் ஒரே பேட்சாக இருக்கட்டும். பேட்ச் மாறினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியில் கலந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஸ்டெயினின் விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுகிறவர்கள்தான் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். சீலர், எண்ணெய் நீக்கும் டிகிரீசர், பிளாஸ்டிக் ஸ்பிரேயர், பிரஷ், ரோலர், கையுறை, கண்ணாடி, சுவாசக் கவசம், பாலிதீன் தாள், தண்ணீர் உறிஞ்சும் வெட் வேக்யூம், தேவைப்பட்டால் தரையைத் தேய்க்கும் கிரைண்டிங் மெஷினின் வாடகை, இத்தனையும் உண்டு. மெஷின்களை வாங்க வேண்டாம். ஓரிரு நாள் வாடகை போதும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நிறத்தின் தேர்வில் பிடியுங்கள். சீலரில் பிடிக்காதீர்கள், தினமும் காலில் மிதிபடுவது அதுதான்.

5. நாட்களை ஒதுக்குங்கள்

ஆசிட் ஸ்டெயினுக்குப் பத்து நாள் ஒதுக்குங்கள். சுத்தம் செய்ய இரண்டு நாள், காய ஒரு நாள், மாதிரி போட்டு சீலரோடு பார்க்க இரண்டு நாள், ஸ்டெயினுக்கு ஒரு நாள், கழுவ ஒரு நாள், காய இரண்டு நாள், சீலருக்கு ஒரு நாள். அதற்கு அப்புறமும் ஒரு நாள் யாரும் நடக்கக் கூடாது, சாமான்களுக்கு மூன்று நாள், வண்டி நிற்கும் தரை என்றால் ஒரு வாரம். வாட்டர் பேஸ் என்றால் ஆறேழு நாளில் முடியும்.

வெளித் தரைக்கு வானிலையும் பார்க்க வேண்டும். 10 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை நல்ல வெப்பநிலை. நேர் வெயில் விழும் தரையில் ஸ்டெயின் வினைபுரியும் முன்பே காய்ந்து, பிரஷ் போன வழியெல்லாம் கோடாக நிற்கும். மழை வாய்ப்புள்ள வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சீலர் காயும் முன் விழும் ஒரு தூறல் போதும் கெடுக்க.

6. தரையைத் தயார் செய்தல்

அறையை முழுதாகக் காலி செய்யுங்கள். பாதி அறையை முடித்துவிட்டு சாமான்களை மாற்றி மறுபாதி செய்யலாம் என்று நினைக்காதீர்கள். நடுவில் கோடு விழுந்தே தீரும். அமில ஆவி இரும்புச் சாமான்களைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், நகர்த்த முடியாதவற்றைப் பாலிதீனால் மூடுங்கள். சுவர்களை இரண்டு மூன்று அடி உயரம் வரை மூட வேண்டும். டேப்பைச் சுவரில் ஒட்டுங்கள், தரையில் ஒட்டாதீர்கள். டேப்பின் பசையும் நிறத்தைத் தடுக்கும்.

எண்ணெய்க் கறைக்கு டிகிரீசர் ஊற்றி, கடினமான பிரஷால் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். ஒரு முறை போதாது. தேய்த்து அலசிக் காய்ந்ததும் மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள், இறங்கும் வரை தொடருங்கள். சோப்பின் மிச்சம் தரையில் தங்கினால் அதுவும் ஒரு தடைதான்.

பழைய பெயின்ட், சீலர், பசை இருந்தால் அதற்கான ரிமூவர் போட்டோ, கிரைண்டிங் செய்தோ எடுக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் தரையோடு ஒட்டியிருக்கும் கறுப்புப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுத்து உறுதி செய்யும் வரை அதைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. அடுத்து, கான்கிரீட்டை உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கும், அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது அல்லது தூசியை உறிஞ்சும் வேக்யூம் இணைத்த மெஷின், இரண்டில் ஒன்று கட்டாயம். முகத்தில் கட்டிக்கொள்ளும் துணி எதையும் தடுக்காது.

மெஷினால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கிய தரை என்றால் நிறம் இறங்க மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட வேண்டியிருக்கும். லேசாக மட்டும். ஆழமாகப் போனால் ஜல்லி வெளியே தெரியும்.

பலர் விழும் ஒரு குழி இது: ஆசிட் ஸ்டெயின் போடப் போகும் தரையை முன்கூட்டி ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். ஸ்டெயின் வினைபுரிய வேண்டிய சுண்ணாம்பை அந்த ஆசிட் தின்றுவிடும், நிறம் வெளிறி வரும். வாட்டர் பேஸ் ஸ்டெயினில் சில தயாரிப்புகள் மட்டும் ஆசிட் கழுவலைக் கேட்கும். அதை விவரத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. மாதிரி போடாமல் தொடங்க வேண்டாம்

சிறிய டின் ஒன்று வாங்கி, அதே தரையில் மறைவான மூலையில் இரண்டடிக்கு இரண்டடி போட்டுப் பாருங்கள். கடையில் காட்டும் வண்ண அட்டை வேறு ஒரு கான்கிரீட்டில் வந்த நிறம். உங்கள் தரையில் எவ்வளவு சிமென்ட், எவ்வளவு வயது, எப்படி வழவழப்பாக்கினார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். மாதிரியைக் கழுவி, காயவிட்டு, சீலரும் பூசித்தான் முடிவு செய்ய வேண்டும். சீலர் போட்டதும் நிறம் ஆழமாகும். வெளிறியது போல் தோன்றினால் பயப்படாதீர்கள். தண்ணீரால் நனைத்தால் தெரியும் நிறம்தான் ஏறக்குறைய கடைசி நிறம். நிறத்தை அழுத்தமாக்கலாம், வெளுக்கவைக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு படி மங்கலான நிறத்தை எடுங்கள்.

8. நிறம் பூசும் நாள்

ரப்பர் கையுறை, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி, முழுக்கை சட்டை, ரப்பர் பூட்ஸ், அமில ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) உள்ள சுவாசக் கவசம். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அன்று வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது. நீர்க்கச் செய்ய வேண்டுமென்றால் தண்ணீரில் ஆசிட் ஸ்டெயினை ஊற்றுங்கள். ஸ்டெயினில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஸ்பிரேயரில் உலோகப் பாகம் எதுவும் இருக்கக் கூடாது.

வாசலுக்கு எதிர் மூலையில் தொடங்கி வாசலை நோக்கி வாருங்கள். ஒருவர் தெளிக்க, இன்னொருவர் உடனே பிரஷால் எட்டு போடுவது போல் சுழற்றித் தேய்க்க வேண்டும். அதனால் இது இரண்டு பேர் வேலை. முன்பு பூசிய ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பகுதி சேர வேண்டும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் தரையில் வெட்டியிருக்கும் ஜாயின்ட் கோட்டில் நிறுத்துங்கள். ஓரிடத்தில் குளமாகத் தேங்கவிடாதீர்கள். ஈரத்தில் மிதித்தால் காலடித் தடம் நிரந்தரமாக நிற்கும்.

பூசியதும் நுரை பொங்கினால் வினை நடக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் தெரியும் நிறத்தைப் பார்த்து எந்த முடிவும் செய்ய வேண்டாம், அது வெறும் மேல் சேறு. குறைந்தது 4 மணி நேரம் விடுங்கள். சில நிறங்கள் இரவு முழுக்க ஊற வேண்டியிருக்கும். வாட்டர் பேஸ் என்றால் மெல்லிய இரண்டு கோட், நடுவில் தாளில் சொன்ன இடைவெளி, அவ்வளவுதான்.

9. கழுவுதல்: என் வராந்தா கெட்ட இடம்

ஆசிட் ஸ்டெயின் காய்ந்ததும் மேலே தூளாக ஒரு படிவு இருக்கும். அதன் மேல் சீலர் பூசினால், சீலர் தூளைத்தான் பிடித்துக்கொள்ளும், தரையைப் பிடிக்காது. நான் ஒரே ஒரு முறை தண்ணீர் அடித்துவிட்டு, நிறம் தெரிகிறதே என்று நின்றுவிட்டேன்.

20 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் அரை கிலோ சமையல் சோடா கரைத்து, தரை முழுக்க ஊற்றி, பிரஷால் தேயுங்கள். நுரை வந்தால் அமிலம் இன்னும் உயிரோடு இருக்கிறது; நுரை வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். அப்புறம் சுத்தத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, ஒவ்வொரு முறையும் வெட் வேக்யூமால் உறிஞ்சி எடுங்கள். கடைசி அலசல் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், அமிலத் தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 7 அருகே காட்ட வேண்டும். காய்ந்ததும் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் வந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

இந்த வேலையில் எங்குமே பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ பயன்படுத்தாதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. கழுவிய தண்ணீரில் உலோக உப்புகள் இருப்பதால் செடிக்கோ மழைநீர் வடிகாலுக்கோ விடக் கூடாது. சேகரித்து, உங்கள் பகுதியில் ரசாயனக் கழிவுக்கு உள்ள முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.

10. சீலர்

கழுவியபின் குறைந்தது ஒரு நாள், ஈரக்காற்று இருந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். முதல் படியில் செய்த பாலிதீன் சோதனையை இங்கே மறுபடி செய்யுங்கள். டேப்புக்குப் பதில் ஓரங்களில் கனமான பலகையை வைத்தால் போதும்.

வீட்டுக்குள் வாட்டர் பேஸ் அக்ரிலிக் சீலர் கையாள எளிது. மேலே தரைக்கான மெழுகு பூசி வந்தால் தேய்மானம் மெழுகோடு போகும். அதிகம் நடமாடும் இடத்துக்குப் பாலியூரித்தேன் உறுதியானது. எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகும், வெளியில் தனியாகப் போடாதீர்கள். வெளித் தரைக்கும் கீழிருந்து ஈரம் ஏறும் தரைக்கும், படலம் கட்டாமல் உள்ளே ஊறி, ஈரத்தை ஆவியாக வெளியே விடும் வகைதான் சரி. அதில் பளபளப்பு வராது. என் வராந்தாவுக்கு இரண்டாவது முறை போட்டது அதுதான், இன்றுவரை உரியவில்லை.

மெல்லிய இரண்டு கோட், குறுக்கும் நெடுக்குமாக. ஒரே கனமான கோட்டாக ஊற்றினால் குமிழ் வரும், வெள்ளை பூக்கும். படலமாக நிற்கும் சீலர் நனைந்தால் வழுக்கும். வாசல், படி, குளியலறைப் பக்கம் என்றால் வழுக்கல் தடுக்கும் பொடியைக் கடைசிக் கோட்டில் கலந்துகொள்ளுங்கள். கரைப்பான் கலந்த சீலர் என்றால் அறையில் நெருப்பு, தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது, கரைப்பான் ஆவிக்கான (ஆர்கானிக்) கார்ட்ரிட்ஜ் தேவை. நிறம் பூசும்போது போட்ட அமிலக் கார்ட்ரிட்ஜ் இதற்கு உதவாது.

11. பிறகு

தினசரி ஈர மாப் போதும். சோப்பு வேண்டுமென்றால் அமிலமும் காரமும் இல்லாத நியூட்ரல் பி.எச். வகை. அமில டாய்லெட் கிளீனர், வினிகர் எதையும் இந்தத் தரையில் ஊற்றாதீர்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியை சீலர் மேல் போட்டால் ஒட்டிக்கொண்டு கறை விடும்; துணி மிதியடி போடுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள்.

வருடத்துக்கு ஒரு முறை அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள். துளி முத்தாக நின்றால் சீலர் வேலை செய்கிறது. உள்ளே இறங்கத் தொடங்கினால், நிறம் மங்கும் வரை காத்திருக்காமல் தரையைக் கழுவிக் காயவைத்து, குறித்து வைத்த அதே சீலரை ஒரு மெல்லிய கோட் பூசிவிடுங்கள். வெளித் தரைக்கு இந்தத் தேவை பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்தில் வந்துவிடும்.